கழுவாமல் அரைத்த கல்

வலி வலது தோளில் ஆரம்பிக்கும். முழங்கை வழியாக இறங்கி சுண்டுவிரலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். காலை நான்கே முக்கால் அலாரத்துக்கு முன்னாலேயே அது என்னை எழுப்பிவிடும். படுத்தபடியே இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவேன். பிரித்தால்தான் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியும். நாற்பத்தாறு வயதில் ஒரு நாளைக்கு முந்நூறு பை கல் தூக்கினால் கை அப்படித்தான் ஆகும். ஒரு பை மூன்று கிலோ. லாரியிலிருந்து இறக்கு, அடுப்பில் வை, அடுப்பிலிருந்து எடு, மெஷினில் கொட்டு. ஒரே கல்லை நாலு தடவை தூக்க வேண்டும்.

"கார்த், இன்னைக்கு ஒரு நாள் போகாம இரேன்," என்றாள் மனைவி நடீன், கண்ணைத் திறக்காமல்.

"ஏஜென்சி ஆளு ஒரு நாள் போகலைன்னா மறுநாள் அந்த இடத்துல வேற ஒருத்தன் நிப்பான்."

"நிக்கட்டும்."

"அப்புறம் வீட்டுத் தவணைய யாரு கட்டுவா, பாரியா?"

அவள் போர்வைக்குள் சிரித்தாள். பாரி பக்கத்து வீட்டுக்காரர், பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியும் முன்பே எழுந்து புல்லுக்குத் தண்ணீர் விடுவார். நான் வண்டியை எடுக்கும்போது குழாயோடு நிற்பார்.

"மறுபடி சைட்டா, கார்த்? நல்லது, நல்லது."

"ஆமா பாரி."

நான் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் சுரங்கத்துக்குப் பறந்து போகிற மேனேஜரும் ஆரஞ்சு சட்டைதான் போடுகிறார், குப்பை அள்ளுகிறவரும் ஆரஞ்சு சட்டைதான் போடுகிறார். இருபது வருஷம் நிலவியல் நிபுணனாக அதைப் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். இப்போது ஊர் ஓரத்துக் கானிங் வேலில், கல் சோதிக்கிற ஒரு லேபின் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போகிறேன். சட்டை அதேதான். பாரிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. "இப்பல்லாம் பிளேன் சாயங்காலமே திரும்பிடுதா?" என்று ஒரு நாள் கேட்டார். ஊருக்குள்ளேயே வேலை என்றேன். "குடுத்து வச்சவன்," என்றார்.

இரும்புத் தாதின் விலை விழுந்த வருஷம் எங்கள் கம்பெனியில் ஒரே காலையில் பதினான்கு பேரை அனுப்பினார்கள். அட்டைப் பெட்டி கூடக் கொடுக்கவில்லை, நாங்களே அச்சு இயந்திரத்துப் பக்கம் கிடந்த காலிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டோம். அடுத்த பதினோரு மாதத்தில் நூற்று முப்பது விண்ணப்பம் போட்டேன். முதல் அறுபது என் படிப்புக்கு ஏற்ற வேலைகள். அதற்கெல்லாம் பதிலே இல்லை, ஒவ்வொன்றுக்கும் என்னைப் போல முந்நூறு பேர். அடுத்த எழுபது கிடங்கு, லாரி, பள்ளிக்கூடத் தோட்டம். அதற்குப் பதில் வந்தது. "உங்க படிப்புக்கு இது சரிப்படாது சார். விலை ஏறினதும் ஓடிருவீங்க." ஒரு கோழிப் பண்ணைக்காரி என் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, "எனக்குக் கோழி பிடிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும், டாக்டரு வேணாம்," என்றாள். நான் டாக்டர் பட்டம் வாங்கியதைப் பெருமையாக முதல் வரியில் போட்டிருந்தேன்.

அதற்கப்புறம் படிப்பை வெட்டினேன். புதுக் காகிதத்தில் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டேன். பெம்பர்ட்டன் மரமில்லில் இருபது வருஷம், அப்புறம் லாரி என்று எழுதினேன். மில் பொய்யில்லை. அப்பா அங்கே முப்பத்தெட்டு வருஷம் கார்ரி மரம் அறுத்தார், இரண்டு விரலை அங்கேயே விட்டார். காலேஜ் விடுமுறைகளில் நானும் பலகை அடுக்கியிருக்கிறேன். அப்பாவின் வாழ்க்கையை எடுத்து என் பெயரை மேலே எழுதினேன், அவ்வளவுதான். கூலிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து மறுநாளே போன் வந்தது. கையெழுத்துப் போட்ட தாளின் அடியில், தகவல் பொய்யென்றால் உடனே நீக்கம், வேறு எங்கும் அனுப்ப மாட்டோம் என்று இருந்தது.

கொட்டகையில் நடப்பது இதுதான். எங்கோ ஐந்நூறு மைல் தள்ளி பூமியில் துளை போடுவார்கள். துளையிலிருந்து உருளை உருளையாகக் கல் வரும். ஒரு மீட்டருக்கு ஒரு பை என்று துணிப் பையில் கட்டி நம்பர் போட்டு எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதை உலர்த்தி, உடைத்து, பாதியை மிச்சமாக எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பாதியை இரும்புக் கிண்ணத்தில் போட்டு மாவாக அரைப்போம். அந்த மாவில் தங்கம் எவ்வளவு என்று முன்பக்கத்து ஏசி அறைக்காரர்கள் பார்ப்பார்கள். ஒவ்வொரு பைக்கும் நடுவில் கிண்ணத்தில் சுத்தமான வெள்ளை மணலைப் போட்டு ஒரு சுற்று அரைத்துக் கொட்ட வேண்டும். அதுதான் கழுவுவது. தங்கம் மாவாகாது. வெண்ணெய் மாதிரி இரும்பில் அப்பிக்கொள்ளும். கழுவாவிட்டால் இந்தப் பையின் தங்கம் அடுத்த பையின் கணக்கில் ஏறிவிடும்.

மேஸ்திரி ராங்கி. நியூசிலாந்தின் மாவோரி இனத்தவன், ஆறடி நாலு அங்குலம், குரல் மட்டும் தாலாட்டு மாதிரி இருக்கும். மெஷின் நாலில் இரண்டு ரிப்பேர். பதினோரு பேர் இருந்த இடத்தில் ஏழு பேர். மாத முடிவில் ஏஜென்சி ஆட்களில் ஒருவரை மட்டும் நிரந்தரமாக்கி மற்றவர்களை அனுப்பப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஒருவரை ராங்கிதான் சொல்ல வேண்டும். ஏஜென்சி ஆட்கள் மூன்று பேர். ஒரு பையன் போனை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். இன்னொருவன் திங்கட்கிழமை வரமாட்டான். மூன்றாவது ஆள் நான்.

"பெரிசு, உனக்கு முதுகு போனா எனக்குத் தலவலி," என்பான் ராங்கி. "மெதுவா தூக்கு. ஆனா சீக்கிரம் தூக்கு."

"ரெண்டுல ஒண்ண சொல்லு."

"ரெண்டுந்தான். அதான சம்பளம்."

எடை போடுவது ஜோசலின். பிலிப்பைன்ஸின் இலோய்லோவிலிருந்து வந்தவள், பேசிக்கொண்டே நூறு பை எழுதுவாள், ஒரு நம்பர் தப்பாது.

நான் அங்கே சேர்ந்த மூன்றாவது வாரம் அது நடந்தது. ஒரு பையைக் கொட்டினேன். கரும்பச்சைக் கல், நடுவே மயிர்க்கோடு போல வெள்ளைப் படிகம். எதுவும் யோசிக்கவில்லை. முகமூடியை இறக்கி, கல்லை நாக்கால் ஒரு இழுப்பு இழுத்து, வெளிச்சத்தில் திருப்பினேன். நிலவியல்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம். காய்ந்த கல் முகம் காட்டாது, ஈரம் பட்டால்தான் உள்ளே இருப்பது தெரியும். காட்டில் தண்ணீரை வீணாக்க முடியாது, எச்சில்தான். இருபது வருஷப் பழக்கம்.

தலையை நிமிர்த்தினால் ராங்கி நின்றுகொண்டிருந்தான்.

"ருசி எப்படி?"

"தூசி... வாயில தூசி போயிருச்சு."

"தூசி போனா துப்புவாங்க பெரிசு. நக்க மாட்டாங்க." என்னை மேலும் கீழும் பார்த்தான். "பதினாறு வருஷமா இந்தக் கொட்டகையில இருக்கேன். கல்ல நக்கற ஜாதி ஒண்ணே ஒண்ணுதான். வாரம் ஒருத்தர் வருவாங்க, வெள்ளை ஹெல்மெட்டோட. 'என் கல்லு ஏன் லேட்டு'ன்னு கத்திட்டுப் போவாங்க."

 நான் காலிப் பையை மடித்தேன்.

"நான் எதையும் பாக்கல," என்றான் ராங்கி, போய்விட்டான்.

சாப்பாட்டு இடைவேளையில் ஜோசலின் தன் சோற்று டப்பாவோடு என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு முதல் வாரமே தெரியும். மார்க்கர் பேனாவ நீங்க புடிக்கிற விதம். மில்லுக்காரன் அப்படி எழுத மாட்டான்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்லி? நான் எங்க ஊர்ல ஆடிட்டரு. எனக்குக் கீழ எட்டு பேர வச்சு வேல வாங்கினவ. ஆறு வருஷமா இங்க எடை போடறேன். அத யாராவது ரகசியம்னு சொன்னாங்களா? ஒருத்தன் கேட்டதுகூட கிடையாது." மீனைப் பிய்த்து வாயில் போட்டாள். "இந்த ஊர்க்காரங்க உங்களுக்கு வந்தா மட்டும் பேப்பர்ல போடறான், நெலம மோசம்னு."

எனக்குச் சுருக்கென்றது. 

வீட்டில் நடீனிடம் சொன்னபோது அவள் கத்தினாள். "கல்ல நக்கினியா? உன் மூளை எங்க போச்சு? அந்த வேல போனா வீட்ட விக்கணும், ஞாபகம் இருக்கா?"

"நாக்கு அதுவா போயிருச்சு."

"நாக்கக் கட்டி வை. நிரந்தரமாகற வரைக்கும் கல்ல நக்காத, வாயத் தொறக்காத."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. எழுந்து கூடத்தில் நடப்பேன், குளிர்பெட்டியைத் திறப்பேன், மூடுவேன். கடைசித் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் என்று எண்ணுவேன்.

இரண்டு நாள் கழித்து ராங்கி என்னை அடுப்புக்குப் பின்னால் கூட்டிப் போனான்.

"ஒரு உதவி பெரிசு. இந்தக் கல்லுக்காரங்க நடுவுல பொறி வைப்பாங்கல்ல?"

வெறுங்கல்லைச் சொன்னான். தங்கமே இல்லாத கல் என்று தெரிந்த ஒன்றை மற்ற பைகளோடு பையாக நம்பர் போட்டு அனுப்புவோம். அதில் தங்கம் காட்டினால் லேப் கழுவவில்லை என்று அர்த்தம். கையும் களவுமாகப் பிடிக்கிற வித்தை. நானே நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறேன்.

"முன்னெல்லாம் ரோட்டு ஜல்லிய போட்டு அனுப்புவாங்க, குருடனுக்குக்கூடத் தெரியும்," என்றான் ராங்கி. "இப்ப ஒரு பொண்ணு வந்திருக்கு, இமோஜன்னு. வெவரமான பொண்ணு. அதே மண்ணுலேர்ந்து அதே மாதிரி கல்லா பாத்து வைக்குது. எனக்குத் தெரியல. உனக்குத் தெரியும்."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சா அதுக்கு முன்னாடி நல்லாக் கழுவலாம். மத்ததுக்கெல்லாம் கழுவ நேரமில்ல. ரெண்டு மெஷினு, ஏழு ஆளு, நாளைக்கு முந்நூறு பை. நீயே கணக்குப் போடு, படிச்சவன்தான."

"அது தப்பு ராங்கி. அந்த நம்பர வச்சு அவங்க..."

"தப்புதான். எனக்கு மூணு பொண்ணு. இந்த வேல போனா எங்களுக்கு இந்த ஊர்ல உதவித்தொகை ஒரு டாலர் கிடையாது, நியூசிலாந்துக்காரனுக்கு இல்லன்னு சட்டம். உனக்கு இருக்கு."

"எனக்கும் இல்ல. நடீன் ஸ்கூல்ல வேல பாக்கறதால குடுக்க மாட்டேன்னுட்டான்."

"அப்ப சரி, ரெண்டு பேரும் ஒண்ணுதான்," என்று என் தோளில் தட்டினான். வலது தோளில். "பேரு எழுதிக் குடுக்கற நாள் வருது பெரிசு. நான் உன் பேரத்தான் எழுதணும்னு நெனக்கிறேன்."

மிரட்டல் மாதிரி சொல்லவில்லை. கெஞ்சல் மாதிரியும் இல்லை. சரியென்றேன்.

அதற்கப்புறம் நான் கல்லை நக்கியதெல்லாம் வேலைக்காக. அந்தப் பெண்ணின் பைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை எடுத்து, ஈரமாக்கி, திருப்பிப் பார்ப்பேன். படிகக் கோடு இல்லாமல், கந்தகப் பொட்டு இல்லாமல், ரொம்ப நல்ல பிள்ளையாக ஒரு கல் வரும். அதுதான் வெறுங்கல். பையில் சாக்கட்டியால் ஒரு சின்னக் கோடு போடுவேன். அதற்கு முன்னால் மட்டும் மணலைப் போட்டு இரண்டு சுற்று கழுவுவோம். பதினோரு மாதத்துக்கு அப்புறம் முதல்முறையாக என் படிப்பு யாருக்கோ உபயோகப்பட்டது. சொல்ல வெட்கம்தான், எனக்கு அது பிடித்திருந்தது. சரியாகக் கண்டுபிடிக்கும்போது உள்ளே ஒரு துள்ளல் இருந்தது.

அந்த வியாழக்கிழமை வெயில் நாற்பத்து மூன்று. தகரத்துக்குக் கீழே எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. நாலு மணிக்குள் முன்பக்கத்துக்கு மாவு போயாக வேண்டும். 4417-ஆம் நம்பர் பையைக் கொட்டியதும் நக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வெள்ளைப் படிகத்தின் விளிம்பில் தங்கம் கண்ணுக்கே தெரிந்தது, அரிசி நுனி அளவில், மூன்று நாலு இடத்தில். இருபது வருஷத்தில் அப்படி ஆறோ ஏழோ தடவைதான் பார்த்திருப்பேன். அரைத்தேன். கிண்ணத்தைத் திறந்தபோது அடியில் மஞ்சள் மினுக்கு அப்பியிருந்தது.

"ராங்கி, இதுக்கப்புறம் கழுவியே ஆகணும். பாரு, ஒட்டியிருக்கு."

"பொறி எது?"

"4424."

"அப்ப அதுக்கு முன்னாடி கழுவு."

"நடுவுல ஆறு பை இருக்கு ராங்கி."

"மணி மூணு இருபது."

மெஷின் சத்தத்தில் அவன் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. ஆனால் கையால் காட்டினான். போடு, போடு. நான் 4418-ஐக் கொட்டினேன். 4419. 4420. ஆறு பையும் அதே கிண்ணத்தில், நடுவில் ஒரு பிடி மணல் இல்லாமல். பிறகு நிறுத்தி, மூன்று சுற்று மணல் போட்டு, தேய்த்து, துடைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கி, 4424-ஐப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து இமோஜன் டிரான்டர் நேரில் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். பூட்ஸில் செம்மண். கையில் சுருட்டிய காகிதம். அதை மெஷின் மேலேயே விரித்தாள்.

"4417-ல டன்னுக்கு நூத்தியெண்பது கிராம். அது சரி. அதுல தங்கத்த நானே கண்ணால பாத்தேன். அடுத்த ஆறு பாருங்க. நாலு, ரெண்டரை, ரெண்டு, ஒண்ணரை, ஒண்ணு, முக்கால். படிக்கட்டு மாதிரி எறங்குது. பூமிக்குள்ள தங்கம் இப்படி க்யூவுல நிக்காது. இது கிண்ணத்துல ஒட்டினது."

"தங்கச்சி," என்றான் ராங்கி, அந்தத் தாலாட்டுக் குரலில், "அடுத்த நம்பர் என்ன சொல்லுது? நீ வச்ச பொறி?"

அவள் உதட்டைக் கடித்தாள். "சுத்தமா இருக்கு."

"அப்புறம்?"

"அதான் புரியல. எங்க பாஸும் அதத்தான் சொல்றாரு. வெறுங்கல் சுத்தமா இருக்குல்ல, அப்ப நம்பர் சரிதான், ஏழு மீட்டர் அகலத்துக்குத் தங்கம்னு அறிக்கை விடலாம்கிறாரு. எனக்கு நம்பிக்கை இல்ல." சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான அரைச்சது?"

முகமூடிக்குள் என் மூச்சு சூடாக இருந்தது. ஜோசலின் எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

"ஆமாங்க."

"அந்த ஆறு பைக்கு நடுவுல மணல் போட்டுக் கழுவினீங்களா?"

அவள் சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. படிக்கட்டு என்ற சொல்லைக்கூட நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். என்னிடம் வேலை பார்த்திருந்தால் அன்றைக்கே அவளுக்குச் சம்பளம் கூட்டச் சொல்லியிருப்பேன். நான் வாயைத் திறந்தபோது அப்பாவின் பேச்சு வந்தது. மில் வாசலில் ஆபீஸ்காரர்கள் வந்தால் அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு பேசுகிற பேச்சு.

"எனக்கு என்னங்க தெரியும். நம்பரப் பாப்பேன், கொட்டுவேன். கழுவச் சொன்னாங்க, கழுவினேன்."

"எல்லாத்துக்கும்?"

"எல்லாத்துக்குந்தாங்க."

அவள் முகம் இளகியது. "சாரி. உங்களக் குத்தம் சொல்லல. நீங்க பாவம், என்ன பண்ணுவீங்க." அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷம் நானே அந்தக் குரலில் கொட்டகை ஆட்களிடம் பேசியிருக்கிறேன், இரக்கமாக, முகத்தைச் சரியாகப் பார்க்காமல்.

போகும்போது ராங்கியிடம், "அந்த ஆறு பையோட மிச்சக் கல்லு இருக்குல்ல? அதத் தூக்கிப் போட்டுறாதீங்க. திரும்ப அரைச்சுப் பாக்க பாஸ்கிட்ட கேக்கறேன்," என்றாள்.

"அறுபது நாள் இருக்கும் தங்கச்சி. அதுக்கு மேல வைக்கணும்னா கம்பெனி எழுதிக் குடுக்கணும்."

எழுதிக் கொடுக்கவில்லை. ஏழு மீட்டர் என்று சொல்லிவிட்ட பாஸ் அதைத் திரும்ப அரைத்துப் பார்க்க ஏன் செலவு செய்யப் போகிறார்.

மாத முடிவில் ராங்கி ஒரு கவரைக் கொடுத்தான். நிரந்தரம். போன் பார்க்கிற பையனும் திங்கட்கிழமை வராதவனும் அன்றே போனார்கள். பையன் போகும்போது எனக்குக் கை கொடுத்து, "உனக்குக் கெடச்சது நல்லதுதான் பெரிசு, எனக்காவது வயசு இருக்கு," என்றான். நடீன் ஆட்டுக்கறி வாங்கி அடுப்பில் வைத்தாள். பதிமூன்று மாதத்துக்கு அப்புறம் ஒரு பாட்டில் ஒயின். "வீடு தப்பிச்சது," என்று என் உள்ளங்கையில் முத்தம் கொடுத்தவள், தோல் சொரசொரப்பில் முகத்தை இழுத்துக்கொண்டாள். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் உட்கார முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டேன்.

அந்த ஆறு பையை அரைத்த அறுபத்திரண்டாவது நாள் கல் கொண்டுவந்த லாரியில் இமோஜன் கம்பெனிப் பைகள் இருந்தன. நம்பர் வேறு கையெழுத்தில் இருந்தது.

"அந்தப் பொண்ணு எங்க?" என்று லாரிக்காரரைக் கேட்டேன்.

"அனுப்பிட்டாங்களே. உனக்குத் தெரியாதா? ஏழு மீட்டர் தங்கம்னு பெருசா அறிக்கை விட்டாங்க, பங்கு ரெண்டு நாள் ஏறிச்சு. அப்புறம் பக்கத்துல நாலு துளை போட்டாங்க. ஒண்ணுலயும் ஒரு மண்ணும் இல்ல. யாராவது மாட்டணும்ல? பொண்ணு பைய மாத்திக் கட்டிருச்சுன்னுட்டாங்க. அது, லேப்ல கழுவலன்னு கடைசி வரைக்கும் சொல்லிப் பாத்துச்சாம். உன் வெறுங்கல்லே சுத்தமா இருக்கேன்னு வாய அடைச்சுட்டாங்க." அவர் கயிற்றை அவிழ்த்தபடியே சொன்னார். "இப்ப எங்க போய் வேல தேடும்? பைய மாத்திக் கட்டினவன்னு பேரு வந்தா இந்த ஊர்ல ஒருத்தனும் சேக்க மாட்டான்."

அது உண்மை. நானே அப்படி ஒருவனைச் சேர்க்காமல் இருந்திருக்கிறேன்.

ஜோசலின் தராசிலிருந்து நிமிராமல் சொன்னாள். "அவளுக்கு இருபத்தஞ்சு வயசு. கார் ஓட்டுவா, காபி போடுவா. என் தங்கச்சிங்க மூணு பேரும் டீச்சருக்குப் படிச்சவங்கதான். ஒருத்தி ஹாங்காங்ல வீடு கூட்டறா."

"நீங்க என்ன சொல்ல வர்றீங்க?"

"ஒண்ணும் சொல்ல வரல. எடை போடறேன்."

மதியம் ராங்கி ஃபோர்க்லிஃப்டிலிருந்து கத்தினான். "பெரிசு, பின்னாடி பழைய மிச்சக் கல்லு அடுக்கு இருக்கு பாரு, அறுபது நாள் தாண்டிருச்சு. எல்லாத்தையும் தொட்டியில கொட்டு."

பின்பக்கம் யாருமில்லை. நான்காவது அடுக்கில் அந்தப் பைகள் இருந்தன. அவள் கையெழுத்து, சாய்வில்லாத, கெட்டியான எண்கள். 4410, 4411. ஒவ்வொன்றாக எடுத்து இரும்புத் தொட்டியில் வீசினேன். 4417 வந்தது, வீசினேன். 4418-ஐத் தூக்கிய கை வீசவில்லை. கீழே வைத்தேன். ஆறையும் கீழே வைத்தேன். திரும்ப அரைத்தால் ஒன்றிலும் தங்கம் காட்டாது. அரைக்காத கல் பொய் சொல்லாது. அவள் சொன்னது சரியென்று எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ராங்கி போவான், மூன்று பெண்களோடு. நான் போவேன். மில்லுக்காரன் இல்லையென்பதும் வெளியே வரும்.

மிச்சம் இருந்ததையெல்லாம் தொட்டியில் கொட்டினேன். ஆறு பையைச் சாக்கில் கட்டி என் வண்டியின் பின்னால் போட்டு, மேலே தார்ப்பாயைப் போட்டேன்.

சனிக்கிழமை காலையில் நடீன் கராஜில் துணிப்பெட்டி தேடும்போது பார்த்துவிட்டாள்.

"இது என்ன?"

"கல்லு."

"அது தெரியுது. இப்ப வீட்டுக்கு வேற கொண்டு வந்து நக்கப் போறியா?"

சொன்னேன். முதலிலிருந்து எல்லாவற்றையும், சாக்கட்டிக் கோடு உட்பட. அவள் ஒரு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நம்பரை விரலால் தடவியபடி கேட்டாள்.

"அவ நம்பர் இருக்கா?"

"கல்லோட வர்ற காகிதத்துல எழுதியிருப்பா. சந்தேகம் இருந்தா இமோஜனக் கூப்பிடவும்னு. கிழிச்சு வச்சிருக்கேன்."

"கூப்பிட்டா?"

"வேல போகும். ராங்கிக்கும் போகும். இந்த வீடும்."

அவள் பையைக் கீழே வைத்தாள். கூப்பிடு என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெளியே பாரி குழாயோடு நின்று, "சனிக்கிழமையும் வேலை பத்தின பேச்சுதானா?" என்று சிரித்தார். நடீன் அவரைப் பார்த்துக் கை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அதற்கப்புறம் மூன்று சம்பளம் வாங்கிவிட்டேன். இரண்டு தடவை நம்பரைப் போட்டு, மணி அடிக்கும் முன்பே வைத்தேன். ஒரு தடவை அடித்தது. "ஹலோ, இமோஜன்," என்றாள், குரலில் ஒரு அவசரம், வேலைக்கான போனாக இருக்கும் என்ற அவசரம். எனக்கு அது தெரியும். பேசாமல் துண்டித்தேன்.

இமோஜன் டிரான்டருக்கு நான் தரவேண்டியது 4418 முதல் 4423 வரை ஆறு பை கல்லும், அவற்றை நான் கழுவாமல் அரைத்தேன் என்ற ஒரு வாக்கியமும். இரண்டையும் இன்னும் தரவில்லை.